கதைக்கு ஒரு தரகர்

ஆம்பூரில் தரகர் இல்லாமல் நடக்கும் காரியம் ஏதேனும் உண்டா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். உப்பிட்ட ஆட்டுத் தோல் மண்டிக்கு வருகிறதா? தரகர் இருக்கிறார். சென்னைப் பெரியமேட்டுக்குப் போகிறதா? அங்கேயும் ஒருவர் தயாராக நிற்கிறார். வீடு, மனை, மாடு, மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுத்துவரும் நான், குழந்தைகளுக்காக ஒரு கதைப் புஸ்தகம் எழுதி முடித்தேன். அதை நல்ல இடத்தில் சேர்த்துவிட ஒரு தரகர் அகப்படுவாரா என்று தேடவும் தொடங்கினேன்.

என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் தோல் கமிஷன் வியாபாரி. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன ஸார், கதைக்குமா தரகு?" என்றார். பிறகு சற்று யோசித்து, "கமிஷன் எவ்வளவு?" என்று கேட்டார். வியாபாரி அல்லவா?

கேள்வி நியாயமானதே. லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் 1870-களில் இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தார். கையெழுத்துப் பிரதியைப் படிப்பது, அதற்கேற்ற பிரசுரகர்த்தரைக் கண்டுபிடிப்பது, பேரம் பேசுவது, ஒப்பந்தத்தை வரி வரியாகப் பரிசோதிப்பது, பணம் வந்த பிறகு அதில் தம் பங்கை எடுத்துக்கொள்வது: இவை இலக்கிய முகவரின் வேலைகள். அக்காலத்தில் பங்கு நூற்றுக்குப் 10. இப்போது பெரும்பாலும் 15. புஸ்தகம் விலைபோவதற்கு முன்பே ஆசிரியரிடம் "வாசிப்புக் கட்டணம்" கேட்கிறவர் முகவர் அல்லர். அவருடைய தொழில் வேறு.

முகவர் கிடைப்பதும் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பள்ளிச் சிறுவனைப் பற்றி அவர் எழுதிய முதல் நாவலை லண்டன் பிரசுரகர்த்தர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். மனமுடைந்த நாராயண், அதைக் கல்லில் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதிவிட்டார். நண்பர் நல்ல வேளையாக அந்தக் கட்டளையை மீறினார். பிரதியைக் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீனின் சிபாரிசினால் 1935-ல் 'ஸ்வாமி அண்ட் பிரண்ட்ஸ்' வெளிவந்தது. டேவிட் ஹையம் என்ற லண்டன் முகவரும் நாராயணுக்கு வாய்த்தார். ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஆக்ஸ்போர்டில் சிநேகிதர் எங்கே?

இன்று டில்லி, பெங்களூர் போன்ற நகரங்களில் ஆங்கில நூல்களுக்கு முகவர்கள் இருக்கிறார்கள். தமிழில் குழந்தைப் புஸ்தகத்தை நம்பி ஜீவனம் செய்யும் முகவர் எவரையும் நான் சந்திக்கவில்லை. காரணம் தெரியச் சிறு கணக்கு ஒன்று போதும். புஸ்தகத்தின் விலை 100 ரூபாய், அச்சிட்டது 1,000 பிரதி, ஆசிரியர் பங்கு நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் விற்றால் எனக்கு 10,000 ரூபாய். என் முகவருக்கு 1,500 ரூபாய். நாலு தடவை சென்னைக்குப் போய்வந்து, ஹோட்டலில் சாப்பிட்டால் அது தீர்ந்தது.

நமது பக்கத்துக்காரர் ஒருவர் இதற்கு வேறு வழி கண்டார். டாக்டர் மு. வரதராசனார் பிற்காலத்தில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். ஆரம்பத்தில் திருப்பத்தூர் முனிசிபல் ஹைஸ்கூலில் தமிழாசிரியர். நாவலாசிரியராக நாம் அறிந்த அவர் 1939-லேயே வெளியிட்ட நூல் 'குழந்தைப் பாட்டுக்கள்' என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 1946-ல் 'செந்தாமரை' நாவலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் 'தாயக வெளியீடு' என்ற பெயரில் தம் நூல்களைப் பிரசுரித்து, விற்பனையைப் பாரி நிலையத்திடம் விட்டார். உரிமை ஆசிரியர் கையில், விற்பனை கடைக்காரர் கையில்! குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவோ, பாங்கி உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை ஏற்படுத்தி, தனித்தனியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்களை ஒன்று சேர்த்தார்.

எனக்கு அச்சுக்கூலி கொடுக்க வசதி இல்லை. ஆகையால் பிரதியைத் தபாலில் ஒரு பிரசுராலயத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம்.

என் கதையின் நாயகி ஆறாம் வகுப்புப் பெண். அவள் தாயார் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போய், நாள் முழுதும் மேல்தோல் தைக்கிறாள். அந்த ஷூக்கள் கப்பலேறிப் போகின்றன. பெண்ணோ ரப்பர்ச் செருப்புடன் பள்ளிக்கு வருகிறாள். அம்மா தைத்த ஷூ முழு உருவத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. கதை அவ்வளவுதான்.

பிரசுராலயத்திலிருந்து பதில் வந்தது. கதை பிடித்திருக்கிறதாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். தோல், தொழிற்சாலை முதலியவை குழந்தைகளின் மென்மையான மனத்துக்கு ஒவ்வாதவை. ஆகவே தாயாரைப் பூக்காரியாக மாற்றிவிட வேண்டும். இரண்டாவதாக, 5,000 ரூபாய் பெற்றுக்கொண்டு சகல உரிமைகளையும் என்றென்றைக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பூக்காரியிடம் எனக்கு எவ்வித விரோதமும் இல்லை. ஆனால் என் வகுப்பிலுள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தாயாரோ தமக்கையோ ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பூக்காரி கதைகளை அவர்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். தங்கள் வீட்டுக் கதையை ஒரு புஸ்தகத்திலும் பார்த்ததில்லை. இதை எடுத்துச் சொல்லி வாதாடத்தான் ஒரு முகவர் வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் ஆசிரியனே வாதாட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது தற்பெருமையாகத் தோன்றும். தோன்றட்டும்.

இரண்டாவது நிபந்தனைக்காக 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். உரிமை மாற்றம் எழுத்து மூலமாக, கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டுந்தான். பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால், வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். எவ்வளவு கருணையுள்ள சட்டம்! ஆனால் "என்றென்றைக்கும்" என்ற ஒரே சொல் பத்திரத்தில் ஏறினால் அந்த ஐந்து வருஷக் கருணை வீண். ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 வருஷம் நீடிக்கும் சொத்து அது. என் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட்டவனாவேன். மொழிபெயர்ப்பு உரிமையும் அதிலேயே போய்விடும். 2023 ஜனவரியில் சர்க்கார் சென்னையில் நடத்திய முதல் சர்வதேசப் புத்தகத் திருவிழாவுக்கு அயல்நாட்டுப் பிரசுரகர்த்தர்கள் வந்து, அத்தகைய உரிமைகளைப் பற்றித்தான் பேசினார்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டவன் அங்கே போய் எதைப் பேசுவது?

நான் பதில் எழுதினேன். தாயார் ஷூ கம்பெனியிலேயே இருப்பாள். உரிமை ஐந்து வருஷத்துக்கு, தமிழில் அச்சிட மட்டும். விற்ற பிரதிக்கு நூற்றுக்கு 10. மொழிபெயர்ப்பு என்னிடமே இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது, கடிதம் இல்லாமல்.

இப்போது அது வேறொரு பிரசுரகர்த்தரிடம் மூன்று மாதமாக இருக்கிறது. இதற்கிடையே நான் கையால் எழுதிய மற்றொரு பிரதி ஆறாம் வகுப்பில் வீடு வீடாகச் சுற்றி வருகிறது. அதன் அட்டை இரண்டு தடவை பிரிந்துவிட்டது. முதல் தடவை நான் கோந்து தடவி ஒட்டினேன், நிற்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு பெண்ணின் தாயார் ஷூ தைக்கிற நூலால் தைத்து அனுப்பியிருந்தாள்.