அப்பா ஓட்டிய ஹெரால்டு



போன வாரம் கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மூன்று நாள் கூடினார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவனிடம் இப்போது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. "நீங்களும் வாங்க டீச்சர்" என்று கூட்டிப்போனான்.

இரண்டாம் நாள் அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியம். 1886-ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியின் மாதிரி அங்கே நிற்கிறது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டிய ஜி.டி. நாயுடுவைப் பற்றி எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! ஆனாலும் என் மனசு வெளியே நின்ற ஹெரால்டிலேயே இருந்தது.

உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. என் அப்பா ஒரு டாக்டர் வீட்டு டிரைவர். அவர் ஓட்டியதும் ஹெரால்டுதான். அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். அப்பா டயர் மேல் உட்கார்ந்து எஞ்சினைப் பார்ப்பார். நான் ஸ்பேனர் எடுத்துத் தருவேன், வண்டியைத் துடைப்பேன். உள்ளே உட்கார்ந்ததில்லை. "அது நம்ம வண்டி இல்லம்மா" என்பார். பள்ளியில் அப்பாவின் தொழில் கேட்டபோது 'கம்பெனி வேலை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

கடைசி நாள் அவன் கதவைத் திறந்து, "முன்னாடி உட்காருங்க டீச்சர்" என்றான். உட்கார்ந்தேன். ஸ்டியரிங் பிடித்த அவன் கையைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. "எங்கப்பா டிரைவர்ப்பா" என்றேன். ஒரு மாணவனிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகளே, அப்பாவின் தொழிலைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். எல்லாரும் நல்லா இருங்க.