வெறும் வளைக்கும் கூலி உண்டா?

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்குப் போகிற எவரும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். சதுப்பு முதலைகள் கிடக்கும் பெரிய குளத்தை மார்கழிக் காலையில் பார்த்தால், வெயில் காய வந்த முதலைகள் கரை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சித்திரை நண்பகலில் அதே குளத்தில் ஒரு சிலதான் கண்ணில் படும். மற்றவை மூக்கு நுனியை மட்டும் வெளியே விட்டுத் தண்ணீருக்குள் இருக்கும். இறைச்சியை வீசியதும், காலி என்று நினைத்த தண்ணீரிலிருந்து வாய்கள் கிளம்பும். நான்கு பக்கமும் சுவர் கட்டி, உள்ளே எத்தனை என்று தெரிந்து வைத்திருக்கும் இடத்திலேயே கண் இப்படி ஏமாறுகிறது. அப்படியிருக்க, திறந்த வயலிலும் ஏரிக்கரையிலும் சவுக்குத் தோப்பிலும் எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘தேடியது யார், எப்படித் தேடினார்கள்?’ என்பதுதான். வனவுயிர்க் கணக்கெடுப்பின் முதல் கருவி தேடுபவரின் திறமை. அந்தத் திறமை மிகக் கூர்மையாக இருக்கும் இடங்களில் ஒன்று இதே வளாகத்துக்குள் இருக்கிறது. அதை நாம் தொழிலாகப் பார்க்கிறோமே தவிர, கள ஆய்வாகப் பார்ப்பதில்லை என்பதே என் குறை.

ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. ஒரு காலத்தில் இருளர் பழங்குடியினர் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வணிகத்தை முடித்துவைத்தன. கைத்தொழிலை இழந்தவர்களுக்காக 1978-இல் பிறந்தது இந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் அவற்றை மூன்று வாரம் போல வைத்திருந்து, சில நாள் இடைவெளியில் விஷம் எடுத்து, பிறகு விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பானை வரிசையின் கனம் புரியும்.

இந்தத் தொழிலின் நுட்பம் பாம்பைப் பிடிக்கும் கையைவிட, பிடிப்பதற்கு முன் தரையைப் படிக்கும் கண்ணில்தான் அதிகம். வயல் வரப்பில் இருபது எலி வளை இருக்கும். எல்லாவற்றையும் கடப்பாரையால் பெயர்த்தால் வரப்பும் போகும், பொழுதும் போகும். ஆகவே முதலில் வளையின் வாயைப் பார்க்கிறார்கள். சிலந்தி நூல் அறுபடாமல் குறுக்கே ஓடினால் இரவு எதுவும் உள்ளே போகவில்லை. புதுமண் தள்ளப்பட்டிருந்தால் எலி குடியிருக்கிறது. விளிம்பு மண் வழவழவென்று தேய்ந்திருந்தால் கால் இல்லாத உடல் ஒன்று உரசிப் போய்வருகிறது. பக்கத்தில் சுண்ணாம்பு போல வெளுத்து, எலிமயிர் கலந்த எச்சம் கிடந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. உரித்த சட்டை கிடைத்தால் இந்த நான்கில் எந்த வகை என்றும் ஊகிக்கலாம்: முதுகின் நடுவரிசைச் செதில் மட்டும் அறுகோணமாகப் பெருத்திருந்தால் கட்டுவிரியன், செதிலுக்கு நடுவே மேடான கோடு ஓடினால் விரியன். ஒவ்வொரு தடயமும் ஒரு சாத்தியத்தைக் கழிக்கிறது. சான்று திரட்டி, பொருந்தாததை விலக்கி, முடிவுக்கு வந்து, கடப்பாரையால் சோதித்துப் பார்க்கும் இந்த வரிசையை ஆய்வு முறை என்று அழைக்க நமக்கு ஏன் தயக்கம்?

இந்தத் தொழிலுக்குள் இன்னொரு முறையும் ஒளிந்திருக்கிறது. விடுவதற்கு முன் பாம்பின் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இடுகிறார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி பிடிபட்டு வந்தால் விஷம் எடுக்காமல் தவிர்ப்பதற்கான ஏற்பாடு அது. உயிரினத் தொகையைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ‘பிடித்து, குறியிட்டு, மறுபடி பிடிக்கும்’ முறையின் அடிப்படையும் இதுவே. டென்மார்க் ஆய்வாளர் பீட்டர்சன் மீன்களுக்கும், அமெரிக்க ஆய்வாளர் லிங்கன் 1930-இல் வாத்துகளுக்கும் பயன்படுத்திய கணக்கு இது. நூறு பாம்புக்குக் குறியிட்டு விட்டோம். அடுத்த முறை பிடித்த ஐம்பதில் பத்து குறியோடு வந்தன என்றால், அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய ஐந்நூறு இருக்கலாம். ஆக, தொகை ஆய்வுக்கான பாதி வேலையைச் சங்கம் தன் தேவைக்காகவே செய்துகொண்டிருக்கிறது.

கண்டுபிடிக்கும் திறமை ஊர் மாறினால் செல்லாக்காசாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு புளோரிடா பதில் சொல்கிறது. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பு பெரிய உடலை வைத்துக்கொண்டும் கண்ணில் படாது. நூறில் ஒன்றுகூடத் தேடுபவருக்குத் தென்படாது என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2017 ஜனவரியில் புளோரிடா வனவுயிர்த் துறையும் புளோரிடா பல்கலைக்கழகமும் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தன. சாலையோரம் வண்டியில் போய்த் தேடுவது அங்குள்ள வழக்கம். இவர்கள் இறங்கி நடந்து, அடர்ந்த புல்லுக்குள் புகுந்து, எச்சத்தையும் தடத்தையும் பார்த்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன; அவற்றில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. மண்ணும் செடியும் பாம்பும் புதிது. மாறாதது படிக்கும் முறை. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிடித்த கணக்கு வேறு, இருக்கும் கணக்கு வேறு. பாம்பு கிடைக்கும் என்று தெரிந்த இடத்துக்கே வேட்டைக்காரர் போவார். கிடைக்காத இடம் அவர் கணக்கில் வராது. அனுமதித்த எண்ணிக்கை நிறைந்ததும் தேடல் நின்றுவிடும். ஆகவே பாம்பு குறைந்த ஆண்டிலும் கூடுதலாக அலைந்தால் அதே எண் வந்துவிடும், குறைவு வெளியே தெரியாது. பொதுவான ஒரு குறியை வைத்துத் தனிப் பாம்பின் வரலாற்றைத் தொடரவும் முடியாது. இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு திறமையைக் குறை சொல்லவில்லை. தேடலைப் பதிவு செய்யும் ஏடு இல்லாததைக் குறை சொல்கிறது. எத்தனை பேர் எத்தனை மணி நேரம் எந்த வயலில் தேடினார்கள், எத்தனை வளைகளைப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனை வெறும் வளை, முந்தைய நாள் மழை உண்டா என்பதை எழுதினால் பிடித்த எண்ணிக்கைக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். குறியை எண்ணாக மாற்றினால் ஒவ்வொரு பாம்புக்கும் வரலாறு கிடைக்கும்.

கருவிகள் வந்துவிட்டனவே, ஆள் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. காட்டில் வைக்கும் தானியங்கிக் கேமராக்கள் பெரும்பாலும் உடல் சூட்டை உணர்ந்துதான் படமெடுக்கும். சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே தன் வெப்பமாகக் கொண்ட பாம்பு அதில் எளிதில் சிக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் மரபணுத் துணுக்கைச் சோதித்தால் ஓர் இனம் அங்கே இருக்கிறது என்று தெரியும். எத்தனை என்று தெரிவது கடினம். ரேடியோ கருவி பொருத்தினால் நடமாட்டம் முழுக்கத் தெரியும். 2007–08 குளிர்காலத்தில் சம்பல் நதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால் முதலைகள் செத்து மிதந்த பிறகு, இந்த முதலைப் பண்ணையின் ஆய்வாளர்களே அங்கு அப்படித்தான் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆனால் கருவியைப் பொருத்த முதலில் விலங்கு கைக்கு வர வேண்டும். எந்தக் கருவி வந்தாலும் அது கண்டுபிடிப்பவருக்குப் பின்னால்தான் வருகிறது.

பிடித்து அடைத்து விஷம் எடுப்பது பாம்புக்குத் தீங்கில்லையா என்பது மூன்றாவது கேள்வி. இதற்குப் பொதுவான சமாதானம் எதுவும் போதாது. விட்ட பாம்பு பிழைக்கிறதா என்பதை, அதே பாம்பு எண்ணோடு மறுபடி பிடிபடுவதைக் கொண்டுதான் சொல்ல முடியும். தீங்கு உண்டு என்றாலும் இல்லை என்றாலும் சான்று அந்த ஏட்டிலிருந்துதான் வர வேண்டும். இது அவசரமும்கூட. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஒரகடம் பக்கத்திலும் நெல்வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. வரப்பு போனால் எலி வளை போகும், வளை போனால் நல்ல பாம்பு போகும். அனுமதி எண்ணிக்கையை வயலில் உள்ள தொகையோடு ஒப்பிட வழி இல்லாவிட்டால், குறைவு தெரியவரும்போது மருந்துக்கான விஷமே குறைந்திருக்கும்.

அப்படியானால் ஏடு ஏன் எழுதப்படுவதில்லை? எழுத்தறிவுக் குறைவு என்பார்கள். எனக்கு அது மேலோட்டமான விடையாகவே படுகிறது. படம் போட்ட அட்டையில் கோடு கிழித்தாலே போதும். உண்மையான காரணம் கூலி முறையில் இருக்கிறது. கொண்டுவரும் பாம்புக்குத்தான் பணம். நாள் முழுக்க நடந்து வெறும் வளைகளை மட்டும் பார்த்தவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத உழைப்பை யாரும் எழுதி வைப்பதில்லை. தொகை ஆய்வுக்கோ வெறும் வளையும் பாம்புள்ள வளைக்குச் சமமான தகவல். ஆகவே நான் கேட்பது, தேடலுக்கு நாட்கூலி, ஏடு எழுதுவதற்குத் தனிப்படி, அதிலிருந்து வெளிவரும் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் பெயர்களில் ஒன்றாகத் தேடியவரின் பெயர். இருளர் பிள்ளைகள் இந்தத் தொழிலைவிட்டு வேறு வேலைக்குப் போவதைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை; செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாய்க் கிடந்த குடும்பங்கள் அந்தச் சமூகத்தில் உண்டு. ஆனால் கள ஆய்வாளர் என்ற பணியும் அதற்கேற்ற சம்பளமும் இருந்தால், பெற்றோர் கற்றுக்கொடுத்த கல்வியை வைத்தே அவர்களில் சிலர் பிழைக்க முடியும். அதற்கான செலவை வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் மருந்து நிறுவனங்களும் பகிர்ந்துகொள்வதே நியாயம்; அந்தக் கணக்கால் பயன் பெறப்போவது அவர்களும்தான்.