நான்கு நிற மரத்துண்டு

ஸ்கொத்லாந்து தேசத்திலே, கிளைட் நதி அருவிகளாய் வீழ்ந்து பாயும் பள்ளத்தாக்கில் நியூ லானார்க் என்னும் ஆலைக் கிராமம் அமைந்துள்ளது. லானார்க் பட்டினத்திலிருந்து சரிவு வழியே நாம் இறங்கிச் செல்கையில், ஆற்றோரத்தில் நிரையாக நிற்கும் உயர்ந்த கற்கட்டடங்கள் காட்சி தருகின்றன. 1786 இல் டேவிட் டேல் தொடக்கிய பஞ்சு நூற்பாலைகள் இவை. ஆற்று நீரே அன்று இவற்றின் இயந்திரங்களைச் சுழற்றியது.

1800 இல் நிருவாகத்தை ஏற்றவர் டேலின் மருமகன் றொபேட் ஓவன். பத்து வயதுக்குட்பட்ட சிறாரை அவர் வேலைக்கு அமர்த்தவில்லை. அவர்களுக்குக் கல்வி அளித்தார். நல்ல பண்டங்களை மலிவாக விற்கும் கடை வைத்தார். அமெரிக்கப் பஞ்சின் வரவு தடைப்பட்டு, ஆலை மாதக்கணக்கில் நின்றபோதும் முழுச் சம்பளம் கொடுத்தார். அக்காலத்து ஆலை முதலாளிகளுள் இத்தகையோர் மிக அரியர்.

ஆயினும், ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் ஒரு சிறு மரத்துண்டு தொங்கியது. அதன் நான்கு பக்கங்களுக்கும் நான்கு நிறங்கள். முதல்நாள் நடத்தை மிக நன்றெனில் வெள்ளை முன்னே தெரியும். நன்றெனில் மஞ்சள், நடுத்தரமெனில் நீலம், தீதெனில் கறுப்பு. நிறத்தைத் தீர்மானிப்பவர் மேற்பார்வையாளர். அது தவறென்று கருதுவோர் ஓவனிடமே முறையிடலாம். அடியும் வசையும் இல்லை என்பது உண்மையே. ஆனால், பிள்ளை பெற்று வளர்த்தவர்களும் அங்கே பள்ளிப்பிள்ளைகள் போலவே மதிப்பிடப்பட்டனர்.

ஓவனின் நிருவாகம் 1825 வரையே நீடித்தது. ஆலைகள் 1968 இல் மூடப்பட்டன. 2001 இல் யுனெஸ்கோ இக்கிராமத்தை உலக மரபுரிமைத் தலமாக்கியது. இங்கு வருவோர் பள்ளிக்கூடத்தைக் கண்டு மகிழ்வதோடு, அம்மரத்துண்டையும் நினைத்தல் வேண்டும். நல்ல முதலாளி வாய்ப்பது பாக்கியம். ஆனால் தொழிலாளியின் வாழ்வு பாக்கியத்தை நம்பி நிற்கலாகாது.