பம்பின் தகட்டில் எழுதியிருப்பது என்ன?



சிங்கப்பூரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஆயினும் கடந்த குளிர்காலத்தில் வெப்பமூட்டும் பம்பு ஒன்றைப் பற்றிச் சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் அமர்ந்து நெடுநேரம் பேச நேர்ந்தது. என் முன்னாள் மாணவி ஒருத்தி இப்போது ஸ்காட்லாந்தில் வசிக்கிறாள். அவள் வீட்டில் கொதிகலனின் வெந்நீரை அறைதோறும் கொண்டுசெல்லும் பம்பு நின்றுபோயிற்று. வீட்டிலோ மூன்று மாதக் குழந்தை. பழுதுபார்க்க வந்தவர், "பழைய பம்பு சிறியது, பெரியதாக மாற்றினால்தான் வீடு நன்றாகச் சூடேறும்" என்று கூறியிருக்கிறார். பழையதன் தகட்டில் 25-60 180 என்றிருந்தது. அவர் பரிந்துரைத்ததோ 25-80 180.

மாணவியின் தந்தையார் கைப்பேசியில் படத்தைக் காட்டி, "எண் பெரிதானால் சூடும் பெருகுமா, டீச்சர்? ஆங்கிலக் குறிப்பேட்டை இருமுறை படித்தேன், மனத்தில் ஏறவில்லை. தமிழில் சொல்லுங்கள்" என்றார். கட்டடங்களின் குளிர்நீர்க் குழாய்களோடு பல்லாண்டு பழகிய என் தம்பியும் உடன் இருந்தான். இருவரும் சேர்ந்து சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் எண்ணான 25, பம்போடு இணையும் குழாயின் பெயரளவு விட்டம். மில்லிமீட்டரில், அதாவது ஓர் அங்குலக் குழாய். பம்பின் வாயிலுள்ள திருகுமரை ஒன்றரை அங்குலம் என்பதால், அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் குழம்புவதுண்டு. கடைசி எண்ணான 180, நீர் நுழையும் வாய்க்கும் வெளியேறும் வாய்க்கும் இடைப்பட்ட நீளம். அது மாறினால் பழைய இடத்தில் புதிய பம்பு பொருந்தாது. இவ்விரண்டும் பொருத்தத்துக்கான அளவுகள். வலிமையைச் சொல்பவை அல்ல.

நடுவிலுள்ள 60தான் வலிமையைக் குறிப்பது. அதைப் பத்தால் வகுத்தால் 6 மீட்டர். சில நிறுவனங்கள் நேரடியாக 25/6 என்றே எழுதுவதும் உண்டு. இது பம்பு தரக்கூடிய மிகுதியான அழுத்தத்தை நீர்த்தம்பத்தின் உயரமாகச் சொல்வது. 10 மீட்டர் நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம்; ஆகவே 6 மீட்டர் என்பது 0.6 பார். இந்த உச்ச அளவு நீர் சிறிதும் ஓடாத நிலையில்தான் கிடைக்கும். ஓட்டம் கூடக் கூட அழுத்தம் குறைந்துகொண்டே வரும்.

"என் மகள் வீடு மூன்று மாடி. 6 மீட்டர் எப்படிப் போதும்?" என்று தந்தையார் கேட்டார். நியாயமான கேள்வி. நம் அடுக்குமாடிக் கட்டடங்களில் கீழ்த்தொட்டி நீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும் பம்புக்கு அந்த உயரம் முழுவதும் சுமைதான். 50 மாடி கொண்ட டக்ஸ்டன் பினக்கலில் நீர் உண்மையிலேயே அவ்வளவு உயரம் ஏறியாக வேண்டும். வெப்பமூட்டும் குழாயோ மூடிய வளையம். மேலே ஏறும் நீரின் எடையைக் கீழே இறங்கும் நீரின் எடை ஈடுசெய்துவிடும். 165 மீட்டர் உயரமுள்ள சிங்கப்பூர் ஃபிளையரை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறும் கூண்டுகளுக்கு மறுபக்கம் இறங்கும் கூண்டுகள் சமன். சுழலத் தொடங்கியபின் மோட்டார் உராய்வை வென்றாலே போதும். மரினா பேயில் 2006இல் தொடங்கிய வட்டாரக் குளிரூட்டல் திட்டமும் இவ்வகை வளையமே. அங்கே சுற்றி வருவது குளிர்நீர்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு நீர் ஓட வேண்டும், அதற்குக் குழாய் எவ்வளவு தடை தரும் என்பதே. அவ்வீட்டின் தேவை 12 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். நீர் 20 பாகை வெப்பத்தை அறைகளில் விட்டுத் திரும்பினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 லிட்டர் ஓடினால் போதும். சரியான விட்டமுள்ள குழாய்களில், சாதாரண வீடொன்றில், அதற்கான தடை பெரும்பாலும் 3 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஓட்டத்தை இரு மடங்காக்கினாலோ தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். தேவைக்கு மிஞ்சிய பம்பு வீட்டைக் கூடுதலாகச் சூடாக்காது. குழாயில் இரைச்சலையும் மின்கட்டணத்தையுமே கூட்டும். பழைய பம்பு ஓடிய காலத்தில் எல்லா அறைகளும் சூடேறினவா என்று மகளிடம் கேட்கச் சொன்னோம். சூடேறின என்று அன்றே பதில் வந்தது. அப்படியானால் குறை அளவில் இல்லை. பம்பு தேய்ந்து நின்றுவிட்டது, அவ்வளவே. அதே அளவில், தேவைக்கேற்ப வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் புதுவகைப் பம்பைப் பொருத்தினார்கள். மறுநாள் குழந்தை வெப்பமான அறையில் உறங்கியது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். அந்த நடு எண்ணை ஆங்கிலத்தில் 'ஹெட்' என்பார்கள். 'தலை' என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. நான் 'ஏற்ற உயரம்' என்றேன். தந்தையாரின் முகம் மலர்ந்தது. கிணற்றில் ஏற்றம் இறைத்த பாட்டனாரைச் சிறு வயதில் அவர் பார்த்திருக்கிறார். ஆங்கிலக் குறிப்பேட்டில் பிடிபடாத பொருள் அந்த ஒரு சொல்லில் பிடிபட்டது. தமிழ் பாட்டுக்கும் கட்டுரைக்கும் மட்டுமே, கருவிகளைப் பேச ஆங்கிலமே என்று நம் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அவ்வெண்ணத்தை அறிவுரையால் மாற்ற இயலாது. இந்த வாரம் வீட்டுக் குளிரூட்டியின் தகட்டையோ சலவை இயந்திரத்தின் தகட்டையோ அவர்கள் முன் வைத்து, ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் அவர்கள் திணறும் இடத்தில்தான் நம் பாடம் தொடங்குகிறது.