காடியும் தேனும்

தர்மபுரிச் சீமையின் மார்கழி தனிச் சுவை உடையது. மலைகள் சூழ்ந்த மேட்டு நிலமாதலால், தொப்பூர்க் கணவாயிலும் வத்தல்மலை அடிவாரத்திலும் விடியற்காலைப் பனி வெண்திரையாய்த் தொங்கும். சுபுஹுத் தொழுகைக்குச் செல்லும் பெரியவர்கள் தலையில் துண்டை இறுகச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். ஒளூச் செய்யும் தண்ணீர் விரல்களைக் கடிக்கும். முதல் வரிசையில் ஒருவர் இருமினால் மூன்றாம் வரிசையில் ஒருவர் தும்முவார். வாடைக் காற்று வீடு வீடாகச் சென்று சளியைப் பங்கு வைக்கும் காலம் அது.

அந்தக் காலத்தை எதிர்கொள்ள எங்கள் இல்லத்தில் ஒரு பீங்கான் சாடி இருந்தது. அதற்கு உரியவர் என் நன்னி. புளி வணிகத்தின் பொருட்டு நாகப்பட்டினம் போய்வந்த என் நன்னாவுக்கு வாழ்க்கைப்பட்டு, கடலோரத்திலிருந்து இந்த மலை நாட்டுக்கு வந்தவர். கடற்கரையின் வெம்மையில் வளர்ந்த அவர், தர்மபுரிக் குளிரைக் கண்டு முதலாண்டு நடுங்கினார். மறு ஆண்டு அதற்கு மருந்து செய்துவிட்டார்!

அந்த மருந்தைக் ‘காடி’ என்பார் நன்னி. அடுத்த தெருவில் வாழ்ந்த தக்கனி பேசும் குடும்பத்தார் ‘சிர்கா’ என்பார்கள். இன்றைய பிள்ளைகள் ‘வினிகர்’ என்கிறார்கள். பெயர் மூன்றாயினும் பொருள் ஒன்றே. ஆனால் நன்னியின் சாடியில் இருந்தது வெறும் காடியன்று. மூலிகைகளை ஊறவைத்துத் தேன் கலந்த காடி.

காடிக்கு நம் வாழ்வில் ஒரு சிறப்பிடம் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் இல்லத்தாரிடம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா எனக் கேட்டார்கள். காடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று விடை வந்தது. அதையே வருவித்து உண்டு, மிக நல்ல தொடுகறி என்று அதனைப் பாராட்டினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது. இல்லாமையைச் சுட்டாமல், இருப்பதைப் புகழ்ந்த அந்தப் பண்பை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது. தேனைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. அதில் மனிதர்க்கு நிவாரணம் இருப்பதாகத் திருமறையின் பதினாறாம் அத்தியாயமே அறிவிக்கிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே தேனீ!

இவ்விரண்டையும் சேர்த்து மருந்தாக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. சளியை இளக்கி வெளிக்கொணரக் காடியும் தேனும் கலந்த பானம் உதவும் எனக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே குறிப்பு உண்டு. பாரசீகத்தார் அதற்குச் ‘சிகஞ்சபீன்’ எனப் பெயரிட்டனர். சிர்கா என்றால் காடி. அங்கபீன் என்றால் தேன். இரண்டும் புணர்ந்த பெயரே அது. 980 முதல் 1037 வரை வாழ்ந்த மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனா, இந்தச் சிகஞ்சபீனைப் பற்றித் தனியே ஒரு சிறு நூல் எழுதினார். யூனானி ஹகீம்கள் இன்றும் அதனைக் கையாளுகிறார்கள். நரிவெங்காயம் சேர்த்துச் சளிக்கென்றே செய்யும் வகையும் உண்டு. ஆனால் நரிவெங்காயம் நஞ்சுடையது. அது ஹகீமின் கைக்குரியதேயன்றி அடுப்பங்கரைக்குரியதன்று.

நன்னிக்கு இப்னு ஸீனாவைத் தெரியாது. ஆயினும் அவர் செய்முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. மார்கழிக்கு வேண்டிய மருந்தின் வேலையை அவர் அதற்கு முந்தைய தை மாதத்திலேயே தொடங்கிவிடுவார். பாலக்கோட்டுப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் வெட்டு நடக்கும் காலம் அது. ஆலையில் பிழிந்த சாறு ஒரு குடம் வந்து சேரும். அதனை மெல்லிய துணியில் வடிகட்டி, கழுவிக் காயவைத்த மண்பானையில் முக்கால் அளவு ஊற்றுவார். வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டிப் பகலில் வெயிலில் வைப்பார். இறுக மூடி போடமாட்டார். ‘காடிக்கு மூச்சு வேண்டும்’ என்பது அவருடைய விளக்கம்.

அவ்விளக்கத்தில் அறிவியல் அடங்கியிருக்கிறது. சாற்றிலுள்ள சர்க்கரையை நொதிகள் முதலில் சாராயமாக மாற்றுகின்றன. பின்னர் வேறொரு வகை நுண்ணுயிர், காற்றின் துணையோடு அதனைப் புளிப்பு அமிலமாக மாற்றுகிறது. இவ்வுயிரின் வேலையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், 1868-இல் காடியைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். காற்றில்லையேல் இரண்டாம் மாற்றம் நிகழாது.

இங்கே மார்க்கப் பற்றுடைய எவருக்கும் ஓர் ஐயம் எழும். இடையில் மதுவாக இருந்த ஒன்று எப்படி ஆகுமாகும்? நம் இமாம்கள் இதனை நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அது தூய்மையாகிவிடுகிறது. வேறொரு பொருளை அதில் இட்டு மாற்றினால் தூய்மையாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. எவ்வகையில் மாறினாலும் ஆகும் என்பது ஹனஃபி மத்ஹபு. எங்கள் ஊரில் ஹனஃபிகளே மிகுதி. நன்னியோ ஷாஃபிஈ. ஆதலால், சாறு முழுதும் காடியாகும் வரை ஒரு மிளகைக்கூட அதில் போடமாட்டார். நாவில் இட்டும் பார்க்கமாட்டார், முகர்ந்துதான் பார்ப்பார். கள்வாடை அறவே நீங்கி, மூக்கைத் துளைக்கும் புளிப்பு மணம் மட்டும் எழ இரண்டு மூன்று திங்கள் ஆகும். அதன் பின்னரும் இரண்டு வாரம் பொறுத்தே வடிகட்டிச் சாடியில் நிரப்புவார். அந்தப் பேணுதல் மருத்துவ முறைக்கும் பொருத்தமானதே. புளிப்பு முதிராத சாற்றில் பச்சிலைகளைப் போட்டால் கெட்டுப்போகவே வாய்ப்பு மிகுதி.

பிறகு கார்த்திகை வரும், நெல்லிக்காயும் வரும். தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட இம்மண்ணில் நெல்லியைப் பற்றிப் பேசும்போது அதியமானை நினையாதிருக்க இயலுமா? நீண்ட வாழ்வு தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த நெடுமான் அஞ்சி ஆண்ட மண்ணல்லவா இது! நல்ல மருந்தைப் பிறர்க்குக் கொடுப்பதே இந்த மண்ணின் மரபு.

அரை லிட்டர் காடிக்கு நன்னி சேர்த்த பொருள்களைச் சொல்கிறேன். கொட்டை நீக்கி நறுக்கிய நெல்லிக்காய் பத்து. தோல் சீவிய இஞ்சி 50 கிராம், உரித்த பூண்டு 50 கிராம். ஒன்றிரண்டாய்த் தட்டிய மிளகு இரண்டு தேக்கரண்டி, கருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, விரலி மஞ்சள் ஒரு துண்டு. துளசியும் கற்பூரவல்லியும் முள் நீக்கிய தூதுவளையும் ஒவ்வொரு கைப்பிடி. இலைகளைக் கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்தவேண்டும். எல்லாவற்றையும் பிஸ்மி சொல்லிச் சாடியில் இட்டு, பொருள்கள் முழுதும் அமிழும்படி காடியை ஊற்றி மூடி, முப்பது நாள் வெயில் படாத இடத்தில் வைப்பார். நாள்தோறும் ஒருமுறை குலுக்குவார். பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை அருகிலும் விடமாட்டார். புளிப்பு உலோகத்தை அரித்துக் களிம்பேற்றிவிடும். முப்பதாம் நாள் வடிகட்டி, கால் லிட்டர் தேன் கலப்பார். சித்தேரி மலையிலிருந்து வரும் தேன் கிடைத்தால் அவர் முகத்தில் தனி மலர்ச்சி!

ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் இரண்டு தேக்கரண்டி. உணவுக்குப் பின், காலையும் இரவும். இவ்வளவுதான் அளவு.

இதனால் பயன் உண்டா? நேர்மையாகச் சொல்வதே முறை. சளி என்பது நுண்கிருமியால் வருவது; பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே நீங்குவது. காடி அதனைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்றில்லை. தேன் இருமலைத் தணிக்கும் என்பதை இன்றைய மருத்துவ ஆய்வுகள் ஏற்கின்றன. நெல்லியில் மிகுந்துள்ள வைட்டமின் சி, நாள்தோறும் உட்கொள்வோர்க்குச் சளியின் நாட்களைச் சிறிதளவு குறைக்கிறது. வெந்நீர் தொண்டைக்கு இதம். இஞ்சியும் மிளகும் உடலுக்கு வெம்மை. இவற்றோடு, அன்போடு நீட்டும் ஒரு கை. நோயாளிக்கு இவை சிறிய ஆறுதல் அல்ல.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரலாகாது. வயிற்றுப் புண் உள்ளவர்களும் நீரிழிவுக்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அருந்தவேண்டாம். நீர் கலக்காமல் குடித்தால் தொண்டையும் பல்லும் கெடும். எங்கள் மாவட்டத்தார் இதில் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். இங்கு நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்கள் பழுப்பேறிச் சிதைந்தோர் ஏராளம். அக்குறை தீரவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. ஆகவே, அருந்தியதும் வாய் கொப்பளிப்பது நன்று. கடையில் வாங்குவோர் புட்டியின் மீதுள்ள எழுத்தைப் படிக்கவேண்டும். அசிட்டிக் அமிலத்தை நீரில் கரைத்துச் செய்வது செயற்கைக் காடி. நொதிக்கவைத்துச் செய்வதே நம் பெரியவர்கள் சொன்ன காடி.

இவை யாவற்றினும் மேலான ஒரு பாடத்தை நன்னி எங்களுக்குக் கற்பித்தார். அவருடைய சாடிக்கு ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சல் இருந்தால் மூன்று நாளுக்கு மேல் காடி இல்லை. காய்ச்சலே இல்லாவிடினும் இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் காடி இல்லை. மருத்துவமனைதான்.

1978-ஆம் ஆண்டின் மார்கழியில் என் சிற்றன்னை புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தார். ஒரு மாதமாக இருமல். மாலை நேரங்களில் மெல்லிய காய்ச்சல். கைவளையல்கள் முழங்கை வரை ஏறும்படி மெலிந்திருந்தார். ‘நெஞ்சு நோய் என்று பெயர் வந்துவிட்டால் பிள்ளைகளின் வாழ்வு என்னாகும்?’ என்ற அச்சத்தில் அங்கே கஷாயமும் சூரணமுமாகவே நாட்களைக் கடத்தியிருந்தார்கள். தாய்வீட்டுக் காடியைக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்பி வந்த மகளை, நன்னி ஓர் இரவு முழுதும் அருகில் படுத்துக் கவனித்தார். பொழுது புலரும் முன் என் அத்தாவை அழைத்து, “மாப்பிள்ளை, இது காடிக்கு அடங்கும் இருமல் இல்லை. விடிந்ததும் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெயருக்கு அஞ்சி உயிரைக் கொடுக்க முடியாது” என்றார். மகள் கேட்டும் அன்று சாடியைத் திறக்கவில்லை.

சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. ஓராண்டுக்கு மேல் ஊசியும் மாத்திரையும். சிற்றன்னை அதனைத் தாய்வீட்டில் இருந்தபடியே முடித்தார். காசநோயாளியைத் தனியே சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்ற எண்ணத்தை மாற்றியது நம் சென்னைதான். 1956-இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே முறையாக மருந்துண்போரும் சானடோரியத்தில் இருப்போருக்கு இணையாகக் குணமடைவர் என்பதை 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. நன்னி அந்த ஆய்வை அறியார். ஆனால் ஒவ்வொரு மாத்திரையையும் தம் கையாலேயே கொடுத்து, விழுங்கும் வரை நின்று பார்த்தார். முட்டையும் பாலும் கொடுத்து உடலைத் தேற்றினார். சிற்றன்னை நலம்பெற்றுப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயது வரை வாழ்ந்தார். அல்ஹம்து லில்லாஹ்!

இன்றோ அந்நோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மருந்தே போதும். அரசு அதனை இலவசமாகவே வழங்குகிறது. ஆயினும் பெயருக்கு அஞ்சிக் கைமருந்தின் பின்னே ஒளிந்துகொள்ளும் இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன்.

நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பதும் பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளைதான். காடியைப் புகழ்ந்த அதே திருவாய் மொழிந்தது அது. ஒன்றைச் சுன்னத்தென்று போற்றி, மற்றொன்றை மறப்பது எங்ஙனம் நியாயமாகும்? சாடியை நிரப்பத் தெரிவது அறிவு. எப்பொழுது அதை மூடிவைக்க வேண்டும் என்று தெரிவது அதனினும் பேரறிவு. வரும் தையில் கரும்புச் சாறு வாங்கிப் பானையில் ஊற்றும் சகோதரிகள், இவ்விரண்டையும் தம் பெண்மக்களுக்குச் சேர்த்தே கற்பிப்பார்களாக!