அம்மாவின் கவசமும் டாக்டரின் கேள்வியும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷமாகிறது. அப்பா போன பிறகு அம்மாவையும் முசிறிப் பக்கத்திலிருந்து இங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சேச்சி "அம்மே, அம்மே" என்று உயிரை விடுகிறார். மீன் வாசனையைத் தவிர ஊரில் எல்லாமே அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

வந்த முதல் வருஷம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. காலையில் குளித்து, விளக்கேற்றி, கந்த சஷ்டி கவசம் சொல்வது அம்மாவின் நாற்பது வருஷப் பழக்கம். இருபது நிமிஷ வேலை. அது ஒரு மணி நேரமாச்சு, அப்புறம் மூன்று மணி நேரம். நடுவில் ஒரு வார்த்தை குழறியதோ என்று சந்தேகம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். குக்கர் விசில் அடித்தால் கவனம் சிதறிவிட்டது என்று மறுபடி குளித்துவிட்டு வருவார். காலை காபி மத்தியானம் பன்னிரண்டரைக்கு. கை தோலெல்லாம் உரிந்துவிட்டது. "அப்பா போனதே நான் சரியா சொல்லாததாலதான்டா" என்று ஒரு நாள் அழுதபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதைப் பக்தி என்பதா, நோய் என்பதா? பி.காம். படித்தவனுக்கு என்ன தெரியும்!

முதலில் ஒரு இளைஞரிடம் கவுன்சலிங் போனோம். பேர், இடம் வேண்டாம். நல்ல பையன்தான். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, இதெல்லாம் அந்தவிசுவாசம், பூஜையை விட்டுவிட்டு டி.வி. பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மலையாளம் அரைகுறைதான், ஆனாலும் அந்த ஒரு வார்த்தை நன்றாகப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த அறையில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கேட்ட பாவத்துக்குத் தலை முழுகினார்.

அடுத்தவர் நேர் எதிர். எங்கள் மதத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி. அம்மாவுக்கு முதலில் சந்தோஷம். மூன்றாவது தடவை போனபோது "ஏதோ பழைய பாக்கி இருக்கு, எங்க குருஜியைப் பாருங்க, ஒரு பரிகாரம் பண்ணிடலாம்" என்றார். அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. 'பாக்கி' என்ற சொல் போதுமே! மறுநாளிலிருந்து கவசம் ஐந்து மணி நேரம்.

இதில் எனக்கு வந்த கோபம் தொழில்முறைக் கோபம். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர் தலையில் இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டாதே என்று எங்களுக்கு எத்தனை சுற்றறிக்கை வருகிறது தெரியுமா? அவருக்குப் பணம் அவசரம், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போடுவார். அதனால்தான் விற்கக்கூடாது. மனசு உடைந்து வருகிறவர் எதிரே உட்கார்ந்து குருஜியை விற்பது அதைவிட மோசமில்லையா? முதல் ஆள் செய்ததும் விற்பனைதான். அவர் விற்றது தன்னுடைய நம்பிக்கையின்மையை.

ஊரிலிருந்து சித்தி தினமும் போன். "குணசீலம் கூட்டிட்டுப் போடா, நாப்பத்தெட்டு நாள் தங்க வை, சரியாயிடும்." முசிறிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனசு சரியில்லாதவர்களை அங்கே ஒரு மண்டலம் தங்க வைத்து, உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இங்கே பீமாப்பள்ளி தர்காவிலும், எர்ணாகுளம் பக்கம் சோட்டாணிக்கரையிலும் இதே நம்பிக்கையோடு வருகிறவர்களைப் பார்க்கலாம். மதம்தான் வேறு வேறு.

எனக்குப் பயம். காரணம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, நான் காலேஜில் இருந்த சமயம். தர்காவைச் சுற்றியிருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் விடிகாலையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பேப்பரில் வந்த படம் இன்னும் கண்ணிலிருந்து போகவில்லை. (2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95-ஆம் பிரிவில் சொல்கிறது.)

மூன்றாவதாக ஒரு மனநல டாக்டர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், தமிழ். அதுவே பாதி மருந்து. உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, சாமி விஷயம் இங்க பேசலாமா? உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்."

அனுமதி கேட்டார் ஐயா! அவ்வளவுதான். அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். முருகனுக்குத் தன்மேல் கோபமா என்று கேட்டார். டாக்டர் "அதுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இல்லைம்மா. ஆனா நீங்க படுற கஷ்டத்துக்கு எங்கிட்ட வழி இருக்கு" என்றார். முன்பெல்லாம் கவசம் சொல்லி முடித்தால் எப்படி இருக்கும், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா யோசித்து, "முன்ன நிம்மதியா இருக்கும். இப்ப பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்றார். ஓ.சி.டி. அங்கேதான் பிடிபட்டது.

அப்புறம் நானும் கொஞ்சம் தோண்டிப் படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். கையேடு 1994-இல், நான்காம் பதிப்பில், 'மத அல்லது ஆன்மிகப் பிரச்சினை' என்று ஒரு தலைப்பைச் சேர்த்தது. நோயாக அல்ல, கவனிக்க வேண்டிய விஷயமாக. நம் 2017 சட்டமும், சமூகத்தில் நிலவும் மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்கிறது. இன்னொன்று என்னை ஆச்சரியப்படுத்தியது. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் எழுதிய கட்டுரை. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துச்சாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பரிசோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருக்கிறது. அங்கே பேயோட்டுதல் மாதிரி விசேஷ சடங்கும் கிடையாது, அடி உதையும் கிடையாது. கோயிலில் சின்னச் சின்ன வேலை, பக்கத்தில் ஒரு சொந்தக்காரர், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சித்தியை நான் ஒரேயடியாகக் கேலி செய்தது தப்பு.

டாக்டரிடமே குணசீலம் பற்றிக் கேட்டேன். "அம்மாவுக்கு ஆசை இருந்தா தாராளமா தரிசனம் பண்ணிட்டு வாங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க." போய் வந்தோம். தங்கவில்லை.

மாத்திரையோடு பயிற்சியும் உண்டு. சந்தேகம் வந்தாலும் திரும்பச் சொல்லாமல் அந்தப் பதைப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒரு தடவை போதும் என்று யார் சொல்வது? டாக்டர் தான் சொல்ல மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். "சாமி விஷயத்துல நீங்க யார் வார்த்தையை நம்புவீங்க?" என்று அம்மாவிடமே கேட்டார். எங்கள் ஊர்க் கோயில் குருக்கள் என்றார் அம்மா. அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடமே கேட்டுக்கொண்டு, அம்மாவை வைத்துக்கொண்டே போனில் பேசினார். எனக்குத் தெரிந்து ஒரு டாக்டரும் குருக்களும் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டது அதுதான்.

குருக்கள் சிரித்தார். "அம்மா, கொழந்தை மழலையா கூப்பிட்டா அப்பன் வரமாட்டானா? ஒரு தடவை சொன்னாப் போறும். சந்தேகம் வந்தா அடியேன் பொறுப்பு."

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. குருக்களுக்கே தினமும் போன் போட்டு "நெஜமாவே போதுமா சாமி?" என்று கேட்க ஆரம்பித்தார்! அதுவும் நோயின் வேலைதான், பதில் சொல்லாதீர்கள் என்று டாக்டர் குருக்களுக்குச் சொல்லி வைத்தார். எட்டு மாசமாச்சு. இப்போது கவசம் முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. சில நாள் ஒன்றரை. காபி எட்டரைக்கு.

போன வெள்ளிக்கிழமை கிழக்கேகோட்டையில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம். அம்மா எறிந்த காய் உடையாமல் உருண்டு ஓரமாய்ப் போய் நின்றது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. முன்பு என்றால் இன்னும் பதினொரு காய் வாங்க வைத்திருப்பார். அம்மா அந்தக் காயையே கொஞ்ச நேரம் பார்த்தார், விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன.

"சரி வாடா, பஸ் போயிடும்" என்றார்.