வாப்பாவின் வார்

வாப்பாவின் வாரில் ஐந்து ஓட்டைகள். கடைசி இரண்டையும் ஆணியைச் சூடாக்கி அவரே போட்டார். ஒலுவிலில் எங்கள் வளவில் அதற்கு ஒரே பேச்சுத்தான்: "காக்காக்குச் செழிப்பு." கையும் காலும் மெலிவு, நிறையும் அளவு. எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சீனி வருத்தத்தால் காலை எடுத்த பின்தான் தாதி ஒருவர் வாப்பாவின் வயிற்றைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தார். தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே ஆபத்து. உள்ளுறுப்புகளைக் கொழுப்புச் சூழும், நிறை அதைக் காட்டாது என்றார்.

வாப்பா மௌத்தானபின் வார் என்னிடம் வந்தது. நேற்று மூச்சை வெளிவிட்டு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றினேன்: 94. பிறகு வாரைக் கட்டினேன். அவர் சுட்ட நாலாம் ஓட்டையில் நின்றது.